ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று இருந்தால்

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது கட்டி எத்தனை சென்டிமீட்டர், எந்த ஸ்டேஜ், அக்குளில் நெறிகட்டியிருக்கிறதா என்பதைத்தான். கடைசிப் பக்கத்தில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி), ஹெர்-2 (இன்னொரு புரதம்) என்று மூன்று வரி இருக்கும், அதைப் பெரும்பாலும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அடுத்த ஐந்து வருடமோ பத்து வருடமோ அந்த அம்மா தினமும் என்ன மாத்திரை சாப்பிடப்போகிறார் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக அந்த மூன்றில் முதல் இரண்டும்தான்.

நான் வேலை பார்ப்பது பேத்தாலஜி லேபில். நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதே அபூர்வம், எங்களிடம் வருவது டப்பாவில் ஃபார்மலினில் ஊறிய சதைத்துண்டு. அதை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டி, செல்லை வளரத் தூண்டுகிற புரதம்) மட்டும் தேடிப்பிடிக்கிற ஆன்டிபாடியை அதன் மேல் விடுவோம். ஏற்பி இருக்கிற செல்லின் உட்கரு பழுப்பாக மாறும், இல்லாதது நீலமாகவே இருக்கும். நூறு செல்லில் ஒன்று பழுப்பானாலும் பாசிட்டிவ் என்றுதான் இப்போதைய கணக்கு, ஆனால் பத்துக்குள் இருந்தால் ‘குறைந்த அளவு பாசிட்டிவ்’ என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாசிட்டிவ் வகைதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புற்றுச் செல்களுக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் நல்ல பால்நாளங்களும் அதே ஸ்லைடில் இருக்கும். அந்த நல்ல செல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு தெரிய வேண்டும். அங்கேயும் ஒன்றும் பிடிக்கவில்லை என்றால் சாயம் வேலை செய்யவில்லை, இல்லை திசு கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது ‘நெகட்டிவ்’ என்று எழுதிவிட முடியாது.

திசு எப்படிக் கெடும் என்கிறீர்களா? கட்டியை வெளியே எடுத்த ஒரு மணிநேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், குறைந்தது ஆறு மணிநேரம் ஊற வேண்டும், எழுபத்திரண்டு மணிநேரத்தைத் தாண்டக் கூடாது. முழு மார்பகத்தையும் எடுத்திருந்தால் வெட்டித் திறந்துவிட்டுத்தான் போட வேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். ஆனால் எங்களுக்கு வருகிற பார்சல்களில் சிலவற்றைப் பார்த்தால் மனசே ஆறாது. சலைனில் போட்டு அனுப்பியது, வாய் குறுகிய பாட்டிலில் திணித்து அனுப்பியது, சனிக்கிழமை ஆபரேஷன் செய்து திங்கட்கிழமை வரை முழுசாக அப்படியே கிடந்தது. அந்தத் துண்டில் ஏற்பி இருந்து, நாங்கள் இல்லை என்று சொல்லிவிட்டால், ஒரு பெண்ணுக்குப் போக வேண்டிய மாத்திரை போகாமலே போய்விடும். ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த டப்பாவின் மேல் எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் எழுதுங்கள்.

சரி, இந்த ஏற்பி என்பதை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

1895-இல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற சர்ஜன், முற்றிய மார்பகப் புற்று இருந்த ஒரு இளம்பெண்ணின் சினைப்பைகளை எடுத்துவிட்டார். மார்பில் நோய், அறுத்தது வயிற்றில். பால் சுரப்பதைப் பற்றி அவர் முன்பே ஆராய்ச்சி செய்திருந்தார், கறவை மாட்டின் சினைப்பையை எடுத்தால் பால் நீண்ட நாள் வரும் என்று பண்ணைக்காரர்கள் சொல்வதும் அவருக்குத் தெரியும். அதிலிருந்துதான் சினைப்பைக்கும் மார்புக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று யோசித்தார். அந்தப் பெண்ணின் கட்டி சில மாதங்களில் சுருங்கி மறைந்தது. அடுத்த வருடம் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ஹார்மோன் என்ற பெயரே அப்போது கிடையாது, ஈஸ்ட்ரோஜனைப் பிரித்தெடுக்க இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் மற்றவர்களும் இதையே செய்து பார்த்தபோது சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் பலன் தெரிந்தது. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியவில்லை.

அந்தக் கேள்வி அறுபது எழுபது வருடம் அப்படியே கிடந்தது. நடுவில் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண்களின் புராஸ்டேட் புற்றும் ஆண் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது என்று 1941-இல் காட்டினார், 1966-இல் நோபல் பரிசும் வாங்கினார். மார்பகப் புற்று பரவிய பெண்களுக்கு சிறுநீரகங்களின் மேல் இருக்கிற, ஹார்மோன் சுரக்கிற இரண்டு அட்ரீனல் சுரப்பிகளையும் எடுப்பதும் வழக்கத்துக்கு வந்தது. எவ்வளவு பெரிய ஆபரேஷன், வாழ்நாள் முழுவதும் ஸ்டீராய்டு மாத்திரை வேறு. அதிலும் பாதிப்பேருக்கு மேல் பலன் இல்லை.

ஹக்கின்ஸின் அதே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் எல்வுட் ஜென்சன், படிப்பால் வேதியியலாளர். ஈஸ்ட்ரோஜனை என்சைம்கள் மாற்றுகின்றன, அந்த மாற்றத்தில்தான் அதன் வேலை நடக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் ஹார்மோனில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, பருவமடையாத பெண் எலிகளுக்கு மிகமிகச் சிறிய அளவில் ஊசி போட்டு, அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். கல்லீரலிலும் ரத்தத்திலும் ஏறி இறங்கிவிட்டது. கருப்பை போன்ற சில உறுப்புகளில் மட்டும் ஏறினது இறங்கவில்லை, அதுவும் எந்த மாற்றமும் இல்லாமல் ஊசியில் போட்ட அதே ஈஸ்ட்ரடயாலாகவே (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. 1958-இல் வியன்னா மாநாட்டில் இதைச் சொன்னபோது கேட்க வந்தவர்கள் ஐந்து பேர், அதில் மூன்று பேர் அதே அமர்வில் பேச வந்தவர்கள். பழைய என்சைம் கருத்தைப் பேசிய கூட்டம் வேறொரு அரங்கில் நிரம்பி வழிந்ததாம்.

1971 வாக்கில் ஜென்சன் அடுத்ததையும் காட்டினார்: கட்டியில் ஏற்பி இல்லையென்றால் சினைப்பையையோ அட்ரீனலையோ எடுத்துப் பெரும்பாலும் பயனில்லை. பீட்சன் காலத்துக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. எத்தனை பெண்கள் வீணான ஆபரேஷனிலிருந்து தப்பித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2004-இல் அவருக்கு லாஸ்கர் என்ற பெரிய மருத்துவ விருது கொடுத்தார்கள், நோபல் கடைசி வரை கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஏற்பி இருப்பவர்களுக்குக் கொடுக்கிற டமாக்சிஃபென் மாத்திரையின் கதை இங்கிலாந்தில் நடந்தது. ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனியின் ஆல்டர்லி பார்க் ஆய்வகத்தில் 1962-இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் தயாரித்த பொருள் அது, எண் 46,474. ஆர்தர் வால்போல் குழு தேடிக்கொண்டிருந்தது கருத்தடை மருந்து. எலிகளில் அது நன்றாகவே கருத்தடை செய்தது, பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டை வெளிவருவதைத் தூண்டியது. இந்த மூலக்கூறுக்கு இரண்டு வடிவம் உண்டு, ஒன்று ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், இன்னொன்று ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். ரிச்சர்ட்சன் அந்த இரண்டையும் பிரித்து எடுத்திருக்காவிட்டால் இன்றைய மருந்தே இல்லை. டமாக்சிஃபென் சாப்பிடுகிற எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் குழு, முற்றிய நோயுள்ள 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தது, பத்துப் பேருக்குப் பலன் தெரிந்தது. 1971-இல் முடிவு வெளியானது. 1973-இல் பிரிட்டனிலும் 1977-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. இது ஏற்பியில் போய் உட்கார்ந்து ஈஸ்ட்ரோஜனை அண்டவிடாமல் செய்கிறது என்பதையும், ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு நீண்ட காலம் கொடுப்பதுதான் நல்லது என்பதையும் எலிகளில் செய்து காட்டி விடாமல் வாதாடியவர் மருந்தியல் ஆய்வாளர் கிரெய்க் ஜோர்டன், 2024-இல்தான் காலமானார். பிறகு உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளை ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஏற்பி இருப்பவர்கள் ஐந்து வருடம் சாப்பிட்டால் மார்பகப் புற்றால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. ஏற்பி இல்லாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. எங்கள் ஸ்லைடில் பழுப்பா நீலமா என்பது இவ்வளவு பெரிய விஷயம்.

இந்த மருந்தை நிறையப் பேர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கீமோ முடிந்தாயிற்று, ரேடியேஷன் முடிந்தாயிற்று, முடியும் வளர்ந்துவிட்டது, இந்தச் சின்ன மாத்திரை எதற்கு என்று தோன்றுகிறது. அதோடு உடம்பெல்லாம் திடீரென்று சூடேறி வியர்க்கிறது, தூக்கம் கெடுகிறது, அந்தக் கஷ்டம் நிஜமானது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் சொல்லுங்கள். சூட்டைக் குறைக்க வழி உண்டு, மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்று வேறு வகை மருந்தும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு மாத்திரை சாப்பிடும்போது ரத்தப்போக்கு வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே போய்க் காட்ட வேண்டும், ஏனென்றால் கருப்பைப் புற்றும் ரத்தக்கட்டும் டமாக்சிஃபெனால் அரிதாக வரலாம். குழந்தை பெற நினைப்பவர்கள் அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது.

அப்புறம், ஆஸ்பத்திரி மாறுவதாக இருந்தால் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் மெழுகு பிளாக்கும் ஸ்லைடும் கிடைக்கும். ஈ.ஆர். நெகட்டிவ் என்று வந்ததில் புதிய டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால், அந்த பிளாக்கிலிருந்தே இன்னொரு முறை சீவிச் சாயம் போட்டுப் பார்க்கலாம், திரும்பவும் ஊசி குத்தித் துண்டு எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.