சின்ன ஒனோ, பெரிய ஓனோ

பர்மாவில், யாங்கோன் முகல் தெருவில் ஒரு மாடியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். ஜப்பானிலிருந்து வரும் குழுக்களுக்கு உள்நாட்டு விமானமும் ஓட்டலும் போட்டுக் கொடுப்பது என் வேலை. பகானுக்கும் இன்லேவுக்கும் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது குறைவு. வருகிறவர்களில் பலர் ஏவே பக்கத்து ஜப்பானியர் கல்லறைக்குப் போகும் வயதானவர்கள்.

பட்டியல் சில நேரம் வெறும் கஞ்சி எழுத்தில் வரும் (சிரிக்காதீர்கள், ஜப்பானியர்கள் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்ட, பொருளைக் காட்டும் எழுத்துக்குப் பெயரே அதுதான்). எழுத்து தெரிந்தால் பெயரைப் படித்துவிடலாம் என்றுதான் யாரும் நினைப்போம். அது நடக்காது. கிழக்கு, கடல், காடு என்று மூன்று எழுத்து போட்ட குடும்பப் பெயர் ஒன்று உண்டு. டோகாய்ரின் என்று படித்தால் சரியாகவும் இருக்கலாம். ஆனால் நிறையப் பேருக்கு அது ஷோஜி! மூன்று எழுத்தில் எந்த எழுத்திலிருந்து ‘ஷோ’ வந்தது என்று கேட்காதீர்கள். அதே எழுத்துகளில் எழுதும் பெண் பெயர் ஒருத்தருக்கு யூகோ, இன்னொருத்தருக்கு ஹிரோகோ. ஜப்பானியர்களே விசிட்டிங் கார்டை வாங்கியதும் “எப்படிப் படிக்கணும்?” என்று கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்கிறார்கள். நமக்கென்ன கூச்சம்?

டிக்கெட்டுக்கு வேண்டியது பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்து. அங்கே வேறொரு வம்பு. சின்ன வெளி என்று எழுதினால் ஒனோ, பெரிய வெளி என்று எழுதினால் ஓனோ. ஜப்பான் பாஸ்போர்ட் நெடிலைக் காட்டாது. இரண்டு பேருக்கும் ஓ-என்-ஓ என்றே போடும். கேட்டு வாங்கினால் மட்டும் பெரிய ஓனோவுக்கு ஓ-எச் என்று ஒரு எச் சேர்ப்பார்கள். அதனால் அதே குடும்பப் பெயர் ஒரு பாஸ்போர்ட்டில் எச்சோடும் இன்னொன்றில் எச் இல்லாமலும் இருக்கலாம். நம்பா என்ற பெயரில் பாவுக்கு முன்னால் என் வராது, எம்தான்.

கூப்பிடுவதற்கு என் நோட்டில் தமிழில் எழுதி வைப்பேன். குறில் நெடிலுக்கு நம் எழுத்தை அடிக்க ஆளில்லை. ஆனால் நடு, வயல் என்று எழுதும் பெயர் நகத்தாவா, ‘பந்து’வில் வருகிற தடித்த தகரத்தோடு நகதாவா என்பதில் தமிழ் கைவிட்டுவிடும். இரட்டித்துக் காட்டலாமே என்றால் ஹத்தாவும் ஹதாவும் வேறு வேறு வீட்டுக்காரர்கள். யமசாகி, யமஜாகி கதையும் அதுதான், அந்த ‘ஜ’ உண்மையில் ஆங்கில இசட் ஒலி, தமிழில் அதற்கு எழுத்தில்லை. அங்கே பர்மிய எழுத்து கைகொடுக்கும். அதில் இரண்டு தகரத்துக்கும் தனித்தனி எழுத்து, சகரத்துக்கும் தடித்த ஜோடி உண்டு. ஆகவே ஒவ்வொரு பெயரும் தமிழில் ஒன்று, பர்மியத்தில் ஒன்று. பக்கத்து மேசைத் தங்கச்சி, “அண்ணே, ஆப்பிலே போட்டா வந்துடுமே” என்கிறாள். ஆப் எதையாவது ஒன்றைச் சொல்லும். அடையாள அட்டையில் பர்மியப் பெயரும் வீட்டில் தமிழ்ப் பெயருமாக வாழ்கிற நான் ஆப்பை நம்புவேனா?

இந்த ஊருக்கே ஒரு ஜப்பானியப் பெயர்க் கதை உண்டு. 1940இல் ஜப்பானுக்குப் போன பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானுக்கு அங்கே ஒமோதா மோஞ்சி என்று பெயர். ஒமோதாவை எழுதுவது முகம், வயல் என்ற எழுத்துகளில். கூடப் போன ஹ்லா மியாயிங்குக்கு இதோதா, நூல், வயல். பர்மாவைக் குறிக்கும் மென்டென் என்ற கஞ்சிச் சொல்லின் முதல் எழுத்தே நூலும் முகமும் ஒட்டியதுதான். இரண்டாவதற்குள் வயல் இருக்கிறது. நாட்டுப் பெயரை உடைத்து ஆளுக்கொரு துண்டு! ஒமோதா என்ற உச்சரிப்பை மட்டும் கேட்டவருக்கு இது பிடிபடாது. எழுத்தை மட்டும் பார்த்தவர் மென்டென் என்றே படித்துவிடலாம்.

2025 மே 26 முதல் ஜப்பானில் குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பையும் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதுவரை பதிவேட்டில் எழுத்து மட்டும்தான், உச்சரிப்பு கிடையாது என்று கேட்டபோது எனக்கே வியப்பு. எங்களுக்கு வரும் பட்டியல் அதனால் மாறப்போவதில்லை. பாஸ்போர்ட்டின் படப் பக்கம் கைக்கு வராமல் நான் டிக்கெட் போடுவதில்லை. பெயரைக் கூப்பிடும் விதத்தை ஏர்போர்ட்டில் அவர்கள் வாயாலேயே கேட்டு நோட்டில் திருத்திக்கொள்கிறேன்.