அப்பாவுக்காக வாதாடிய அம்மா

செப்டம்பர் 18, 2025

ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்து இன்றோடு ஐந்து வருடம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 27 ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர்; இறக்கும்போது 87 வயது. இன்று கண்ணில் பட்ட நினைவுக் குறிப்புகள் எல்லாமே நீதிபதி ரூத்தைப் பற்றியவை. எனக்கென்னவோ வக்கீல் ரூத்தைத்தான் அதிகம் பிடிக்கும். அந்தக் குறிப்புகளில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும், "குழந்தையையும் வைத்துக்கொண்டு பாவம்..." என்று ஓர் உச்சுக்கொட்டல். அவர் ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

செப்டம்பர் 20

1956. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேரும்போது மகள் ஜேனுக்குப் பதினான்கு மாதம். வகுப்பில் சுமார் ஐந்நூறு ஆண்கள், ஒன்பது பெண்கள். "ஓர் ஆணுக்குப் போக வேண்டிய இடத்தில் நீங்கள் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கல்லூரித் தலைவரே அந்தப் பெண்களைக் கேட்டாராம்.

மாலை நான்கு மணிக்கு ஆயா கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் ஜேன் தூங்கும்வரை ரூத் புத்தகத்தைத் தொடமாட்டார். குழந்தையோடு இருக்கும்போது சட்டத்திலிருந்து விடுதலை, சட்டத்துக்குத் திரும்பினால் குழந்தையிடமிருந்து விடுதலை. தான் நன்றாகப் படித்ததற்கு ஜேன் ஒரு பெரிய காரணம் என்று பிற்பாடு பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருடம் கணவர் மார்ட்டிக்குப் புற்றுநோய். அவருடைய வகுப்புக் குறிப்புகளை நண்பர்களிடம் வாங்கிச் சேர்த்து, அவர் சொல்லச் சொல்லக் கட்டுரையைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, நடுநிசிக்கு மேல்தான் தன் பாடத்தை எடுப்பார். இதையே சொல்லிச் சொல்லி மற்ற பெண்களையும் தூங்கவிடாமல் செய்துவிடுகிறோம் என்பது என் கட்சி. போகட்டும்.

பிறகு கொலம்பியா சட்டக் கல்லூரிக்கு மாறி, 1959இல் அங்கே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு தேறினார். எந்த வக்கீல் நிறுவனமும் வேலை தரவில்லை. யூதர், பெண், போதாததற்கு ஒரு குழந்தையின் தாய். பிற்பாடு சட்டம் கற்பிக்கும் வேலை கிடைத்தது; 1965இல் மகன் ஜேம்ஸ் வயிற்றில் இருந்தபோது அதுவும் போய்விடுமோ என்ற பயம். மாமியாரின் தொளதொள உடுப்புகளைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தப் போனார்.

செப்டம்பர் 23

இன்று மதியம் பள்ளியிலிருந்து அழைப்பு. மகனுக்கு லேசான தலைவலி. படிவத்தில் அப்பாவின் எண்தான் முதலில் இருக்கிறது; ஆனாலும் எனக்குத்தான் அழைப்பார்கள். எப்போதும் அப்படித்தான்.

ஜேம்ஸ் படு சுட்டி. பள்ளியிலிருந்து ரூத்தின் அலுவலகத்துக்கு ஓயாமல் தொலைபேசி வரும். ஒருநாள், விடிய விடிய விழித்து வழக்கு வேலை பார்த்திருந்தவருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் இரண்டு பேர். மாற்றி மாற்றி அழையுங்கள். இந்த முறை அவன் அப்பாவின் முறை" என்று சொல்லிவிட்டார். விஷயம் இதுதான்: லிஃப்ட் இயக்குபவர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜேம்ஸ் லிஃப்டை மேல் மாடிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். "உங்கள் மகன் லிஃப்டைத் திருடிவிட்டான்" என்றார்களாம். மார்ட்டி, "திருடி எவ்வளவு தூரம்தான் கொண்டுபோயிருக்க முடியும்?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு அழைப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பையன் திருந்தியதால் அல்ல. ஓர் ஆணின் வேலையைக் கெடுக்க யோசித்தார்கள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 27

ரூத் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது ஆறு வழக்குகள், வென்றது ஐந்து. அவற்றில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிப்பது வீசன்ஃபெல்ட் வழக்கு.

1972இல் பாலா வீசன்ஃபெல்ட் என்ற ஆசிரியை பிரசவத்தில் இறந்துபோனார். குழந்தை ஜேசன் பிழைத்துக்கொண்டான். வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் பாலாதான். கணவர் ஸ்டீபன் குழந்தையைத் தானே கூட இருந்து வளர்க்க நினைத்து, மனைவி கட்டிய சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து உதவித்தொகை கேட்டார். கிடையாது என்றார்கள். கணவனை இழந்து குழந்தையோடு நிற்கும் தாய்க்கு மட்டும்தான் அது. ஸ்டீபன் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் ரூத்தின் காதுக்கு எட்டியது.

பெண்ணுரிமை வக்கீல் ஏன் ஓர் ஆணுக்காக நிற்க வேண்டும்? ரூத்தின் கணக்கு வேறு. பாலாவும் ஆண்களைப் போலவே வரி கட்டினார், ஆனால் அவர் குடும்பத்துக்கு மட்டும் குறைந்த பாதுகாப்பு. குழந்தை வளர்ப்பது தாயின் வேலை என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்தால், தந்தை வீட்டில் இருக்க முடியாது, தாய் வெளியே போக முடியாது. பட்டவருக்குத்தானே தெரியும்! இருபது வயசு சொச்சத்தில் ஓக்லஹோமாவில் இதே சமூகப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தபோது, கர்ப்பம் என்று தெரிந்ததும் ரூத்தைக் கீழ்நிலைப் பணிக்கு இறக்கியிருக்கிறார்கள்.

வாதத்தின்போது ஸ்டீபனைத் தன் மேஜையிலேயே உட்கார வைத்துக்கொண்டார். எதிரே எல்லோரும் ஆண் நீதிபதிகள். மனைவியை இழந்து குழந்தை வளர்க்கும் ஓர் ஆண் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்பதுதான் திட்டம். நல்ல வக்கீல் தந்திரம்.

1975 மார்ச்சில் தீர்ப்பு, எட்டுக்குச் சுழியம். ஒரு நீதிபதி பங்கேற்கவில்லை. நீதிபதி ரென்குவிஸ்ட் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். இருக்கிற ஒரே பெற்றோரின் அரவணைப்பு குழந்தைக்குக் கிடைப்பதற்கான தொகை இது, அந்தப் பெற்றோர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை என்பது சாரம். பெரிய பழமைவாதி அவர்!

ஜேசன் வளர்ந்து சட்டம் படித்தான். 1998இல் அவன் திருமணத்தை நடத்தி வைத்தவர் ரூத்.

செப்டம்பர் 28

ஒன்று விட்டுப்போயிற்று. 1973இல் ஜேனின் உயர்நிலைப் பள்ளி ஆண்டு மலரில் அவளுடைய லட்சியம் என்ற இடத்தில், தன் அம்மா உச்ச நீதிமன்ற நீதிபதியாவதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. தேவைப்பட்டால் ஜேனே நியமிப்பாள் என்று அடுத்த வரி. ஜேன் கொலம்பியாவில் சட்டப் பேராசிரியை ஆனதோடு சரி, நியமிக்கிற சிரமம் அவளுக்கு வரவில்லை. 1993இல் பில் கிளின்டன் முந்திக்கொண்டார்.