கடைசி மணி அடித்த பிறகு

மலர்களில் யாழ்ப்பாணத்து வேம்படி மகளிர் பாடசாலையைப் பற்றி எழுதுபவர்கள் பெறுபேறுகளையும் இல்ல விளையாட்டுப் போட்டியையும் விரிவாக எழுதுவார்கள். விடுதியில் தங்கிப் படித்த போடிங்காரருக்கு நாலு வரி கிடைத்தால் பெரிய காரியம். இந்த முறை பக்கம் ஒதுக்கிய தங்கைமாருக்கு நன்றி. நான் விடுதிக் கதை மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

நான் நெடுந்தீவுப் பிள்ளை. 1974இல் ஆறாம் வகுப்புக்கு வந்தேன். மெதடிஸ்த மிசனரிமார் தொடங்கிய பள்ளிக்கூடம் அப்போது அரசாங்கத்தின் கையில் இருந்தது. குமுதினிப் படகில் ஏறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. விடுதி இல்லையென்றால் எங்களைப் போன்ற தீவுப் பிள்ளைகளுக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கும் வேம்படி வெறும் பெயர்தான்.

சிறிமாவோ காலத்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரம். பாணுக்குக் கியூ, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். என்ன இருந்ததோ அதைத்தானே சமைக்கலாம்? ஆனாலும் பசி பசிதான். ஊரிலிருந்து யாருடைய றங்குப் பெட்டி வந்து இறங்கினாலும் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். என் பெட்டியில் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும், பனம்பழச் சாற்றைக் காயவைத்த பனாட்டும் இருக்கும். முல்லைத்தீவுக்காரி தேன் கொண்டுவருவாள். பனாட்டைத் தேனில் தொட்டுத் தின்னும் பழக்கம் எந்த ஊரிலும் இல்லை. எங்கள் அறையில் இருந்தது.

காலையில் தலை பின்னுவதுதான் பெரிய வேலை. விறாந்தையில் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வரிசையில் இருப்போம். முன்னால் இருப்பவளுக்கு நான் பின்ன, எனக்குப் பின்னால் இருக்கும் அக்கா பின்னுவார். உச்சி கோணினால் அவிழ்த்து முதலிலிருந்து. றிபனை வாயில் கவ்விக்கொண்டே தேவாரமும் வாய்பாடும் பாடமாக்கினோம். ஒரு தலையில் பேன் என்றால் வரிசை முழுவதற்கும் பேன்.

மார்ச்சில் பிக் மட்ச் வரும். 1904இலிருந்து நடக்கிற, யாழ் மத்திய கல்லூரிக்கும் (சென்றல்) சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டம். சென்றல் மைதானம் கிட்டத்தான். எங்களுக்குப் போக அனுமதி இல்லை. ஆரவாரத்தை வைத்தே எந்தப் பக்கத்து விக்கெற் விழுந்தது என்று சொல்லுகிற கெட்டிக்காரி ஒருத்தி எங்களோடு இருந்தாள். பாதிதான் சரிவரும். அதற்காக அவளை ஒருவரும் விட்டுவிடவில்லை.

போக விட்ட இடம் யாழ் நூலகம். சனிக்கிழமையில் சோடி சோடியாகக் கூட்டிப் போவார்கள். வாசலில் சரஸ்வதி சிலை. சிறுவர் பகுதியில் தொடங்கி மேல்மாடி வரை வளர்ந்தோம் என்று சொல்லலாம். 1981 மே 31 இரவு அதற்கு நெருப்பு வைத்தார்கள். 97,000 வரையான நூல்கள் போயின. அவற்றோடு போன ஓலைச்சுவடிகளை எந்தக் காசு கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. இரவல் எடுத்த புத்தகங்கள் மட்டும் எங்கள் கட்டில்களில் கிடந்தன. திருப்பிக் கொடுக்கிற நாள் வந்தது, கொடுக்க இடம் இல்லை. விடுதிப் பொறுப்பாளரான மேற்றன் அவற்றை எல்லாம் சேர்த்துத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த வருடம் நான் விடுதியை விட்டுப் போனேன். புத்தகங்கள் பிறகு எங்கே போயின என்பது எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். நூலக முத்திரை விழுந்த ஒன்றாவது யாரிடமாவது இருந்தால், முதற்பக்கத்தைப் படமெடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த மலரில் போடுவோம்.