ரம்பம் படாத பலகை

பம்பாய்க் கப்பல் என்றதும் நம் ஆட்களுக்கு அங்கே கப்பல் கட்டிய வாடியா குடும்பத்தார்தான் நினைவுக்கு வருவார்கள். திருகோணமலையின் பெயரைத் தாங்கி, மலபார் தேக்கில் 1817-இல் பம்பாயில் கட்டி இறக்கிய போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதில் முதலில் வங்குகளை, அதாவது கப்பலின் விலா எலும்பு போன்ற குறுக்குக் கட்டைகளை நிறுத்தி, அப்புறம் வெளியே பலகை அடித்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் வட ஐரோப்பாவில் கடலோடிய வைகிங்குகளின் தச்சர்கள் அதற்கு நேர்மாறு. அடிக்கட்டையும், அணியம் என்ற முன்முனையும், பின்னணியமும் நின்றதும் பலகை ஏறும். வங்கு பிறகுதான் உள்ளே போகும். படகின் வடிவம் பலகையிலேயே இருக்கிறது.

அதனால்தான் அவர்கள் ரம்பத்தைத் தொடவில்லை. பெரிய ஓக் மரத்தை ஆப்பு அடித்து இரண்டாக, நாலாக, எட்டாக, பதினாறாக, சாத்துக்குடிச் சுளை போல நடுவிலிருந்து பிளப்பார்கள். பிறகு கோடரியால் செதுக்கி இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவருவார்கள். நார் அறுபடாததால் அவ்வளவு மெல்லிய பலகையும் வளையும், வெடிக்காது. மரம் பச்சையாக இருக்கவேண்டும்; காய்ந்த ஓக் கோடரியைத் தின்றுவிடும். முறுக்கு விழுந்த மரமென்றால் பலகையும் முறுக்கிக்கொண்டே பிளக்கும், விறகுக்குத்தான் ஆகும்.

ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி உட்காரும். நடுவே தாரில் நனைத்த கம்பளி நூல். வெளியிலிருந்து இரும்பு ஆணி, உள்ளே சின்ன வாஷர், அதன்மேல் ஆணி நுனியை அடித்து மடக்குவது. துளை ஓரத்துக்கு நெருங்கினால் பலகை பிளக்கும். நம் ஊர்ப் படகுக்குப் பிற்பாடு இடுக்கை அடைத்துக் கலப்பத்து அடிப்பதுபோல் வைகிங் படகில் சுலபமாக முடியாது. நூல் விட்டுப்போன இடம் கசிந்துகொண்டே இருக்கும்.

எல்லாமே டிராகன் தலைப் படகு என்று நினைப்பது தப்பு. டென்மார்க்கின் ரோஸ்கில்ட் கடற்கழியில் 1962-இல் ஐந்து கப்பல்களைத் தோண்டி எடுத்தார்கள். எதிரி நுழையாமல் தடுக்க, 1070 வாக்கில் கால்வாயில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டவை. அதில் அயர்லாந்தின் டப்ளின் பக்கம் 1042-இல் கட்டிய போர்ப்படகு 30 மீட்டர் நீளம், அகலம் 4 மீட்டர்கூட இல்லை, 60 துடுப்பு. பக்கத்திலேயே கிடந்த சரக்குக்கப்பல், க்னார் வகை, 16 மீட்டர்தான், ஆனால் 4.8 மீட்டர் அகலம். 24 டன் ஏற்றிக்கொண்டு ஆறேழு பேரோடு பாய்விரித்து ஓடும். துடுப்பு துறையில் திருப்பிக்கொள்ள மட்டும். ஐஸ்லாந்துக்குக் குடும்பமும் மாடும் போனது இந்த ஜாதிக் கப்பலில்தான்.

அழகில், நார்வேயில் தோண்டி எடுத்த ஓஸபெர்க் என்ற வைகிங் கப்பலை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அதில் பாய்மரத்தைப் பிடிக்கும் கட்டை அந்தக் காலத்திலேயே விரிசல்விட்டு, இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.