டெக்ஸஸ் வீட்டு வரி: சண்டை மே மாதத்தில்

டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது என்று கேட்டதும் மூட்டை கட்டியவர்களில் நாங்களும் அடக்கம். அந்தப் பணத்தை வேறு கதவு வழியாக வாங்கிக்கொள்கிறார்கள் என்பது வீடு வாங்கிய மறு ஆண்டு புரிந்தது.

டாலஸுக்கு வடக்கே புதிதாகக் கட்டிய வீடு. இங்கே ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் அந்த ஆண்டின் கணக்கு. அன்று எங்கள் மனையில் அஸ்திவாரம்கூடப் போடவில்லை. ஆகவே முதல் வரி வெறும் நிலத்துக்குத்தான். கடன் கொடுத்த நிறுவனம் அதை வைத்தே எஸ்க்ரோ தொகையை, அதாவது வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணத்தை, கணித்துவிட்டது. மறு ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வந்தது. பழைய பற்றாக்குறையும் புதிய வரியும் சேர்ந்து மாதத் தவணையை ஒரே தாவலில் ஏற்றின. புது வீடு வாங்கும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது, முழு வீட்டுக்கான வரியைக் கணக்கிட்டு அந்த வித்தியாசத்தை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கி வைக்கச் சொல்லித்தான்.

குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் ஒரு பகுதிக்கு வரி இல்லை என்னும் ஹோம்ஸ்டெட் விலக்கைப் பெறுவது எளிது. சொந்த வீட்டில் குடியிருந்தால் போதும். குடியுரிமை கேட்பதில்லை, விசாவில் இருப்பவர்களும் பெறலாம். ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பள்ளி வரிக்கு, அதாவது வீட்டு வரியில் பள்ளி மாவட்டத்துக்குப் போகும் பகுதிக்கு, மதிப்பில் கழிக்கும் விலக்கு 2023இல் 1,00,000 டாலராகவும், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. பள்ளி வரி நூறு டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் என்றால் ஆண்டுக்கு 1,400 டாலர் மிச்சம். 65 வயதானவர்களுக்குக் கூடுதல் விலக்கு உண்டு. ஆனால் ஊரிலிருந்து வந்து உடன் தங்கியிருக்கும் அப்பா அம்மாவின் வயதைக் காட்டி அதைக் கேட்க முடியாது. வீட்டில் அவர்களுக்கு உரிமை இருக்க வேண்டும்.

இந்த விலக்கோடு இன்னொரு பாதுகாப்பும் வருகிறது. வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அந்த ஏற்றம் தொடங்குவது முதல் முழு மதிப்பீட்டிலிருந்து என்பதால், அந்த ஆண்டில் குறைக்கும் ஒவ்வொரு ஆயிரமும் பின்னாலும் பலன் தரும். அந்த மதிப்பை எதிர்த்து நான் புரோட்டஸ்ட், அதாவது ஆட்சேபம், செய்ததற்குக் காரணம் அதுவே.

வீட்டின் மதிப்பைக் கணிக்கும் மதிப்பீட்டு அலுவலகத்தின் கடிதம் ஏப்ரலில் வரும். மே 15, அல்லது கடிதம் அனுப்பிய நாளிலிருந்து முப்பது நாள், இவற்றில் எது பிந்தையதோ அதுவரை ஆட்சேபிக்கலாம். அக்டோபரில் பில் வந்தபிறகு கொதித்துப் பயனில்லை. இணையத்தில் பதிவு செய்து, எங்கள் வீட்டின் மதிப்பைக் கணிக்க அந்த அலுவலகம் ஒப்பிட்ட வீடுகளின் விவரத்தையும் கேட்டு வாங்கினேன். எங்களுடையதைவிடப் பெரிய மனை, நீச்சல் குளம் கொண்ட வீடு எல்லாம் அதில் இருந்தன! விற்பனை விலையைப் பொதுவில் பதிய வேண்டிய கட்டாயம் இந்த மாநிலத்தில் இல்லாததால், எங்கள் வீட்டு முகவரிடம் கேட்டு அருகிலுள்ள ஒத்த வீடுகளின் விலைகளைத் திரட்டினேன். கொல்லைப்புறத்தில் தண்ணீர் தேங்கும் படங்களையும், அதைச் சரிசெய்யும் ஒப்பந்தக்காரரின் செலவு மதிப்பீட்டையும் சேர்த்தேன்.

முதலில் மதிப்பீட்டாளரோடு தொலைபேசியில் பேச்சு. “வரி தாங்கவில்லை” என்று தொடங்கியதும் வரி விகிதம் தன் கையில் இல்லை என்று நிறுத்திவிட்டார். நியாயம்தான், விகிதத்தைத் தீர்மானிப்பவை பள்ளி மாவட்டம், நகரம், கவுண்டி போன்றவை. மதிப்பைப் பற்றி மட்டும் பேசினேன். அவர் சொன்ன குறைப்பு போதவில்லை என்று இத்தகைய ஆட்சேபங்களை விசாரிக்கும் மறுஆய்வுக் குழுவின் முன் போனேன். விசாரணை சுருக்கமானது; நீளமான பேச்சைவிட ஒரே பக்கத்தில் போட்ட ஒப்பீட்டு அட்டவணையைத்தான் உறுப்பினர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. மதிப்பீட்டாளர் சொன்னதைவிட நன்றாகவே குறைந்தது.

வீடு வாங்கியதும் ஹோம்ஸ்டெட் பதிந்து தருவதாகக் கட்டணம் கேட்டு, அரசு முத்திரை போன்ற அலங்காரத்துடன் தனியார் கடிதங்கள் வரும். அவை குப்பைக்கு. ஆனால் தகுதியைச் சரிபார்க்க மதிப்பீட்டு அலுவலகம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். அதற்காக வரும் கடிதத்தையும் அந்தக் குவியலோடு எறிந்தால் விலக்கே போய்விடக்கூடும். அனுப்பியவர் யார் என்று பார்த்துவிட்டு எறியுங்கள்.