செவுளைப் பார்த்து மீனை அறிதல்

நான் தொழில் பழகியது ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும் சால்மன் மீனில். இன்று வேலை செய்வது யாழ்ப்பாணக் கடனீரேரியில் வலைக்கூடுகளில் வளரும் கொடுவாவோடு. "ஆறே இல்லாத ஊரில் சால்மனைப் பற்றி ஏன் சேர் படிக்க வேணும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வழுக்கையாறு கூட மாரிக்குத்தானே ஓடுகிறது.

நோர்வேயின் மேற்குக் கரையில் ஓர் ஆய்வுகூடத்தில் செவுள் மாதிரி எடுப்பது அப்போது என் வேலை. மயக்க மருந்து கலந்த தண்ணீரில் மீன் தளர்ந்ததும் செவுள் மூடியைப் பெருவிரலால் தூக்கிப் பிடித்து, சிவந்த இழைகளின் நுனியைச் சிறு கத்தரிக்கோலால் துளியளவு நறுக்க வேண்டும். ஓர் அரிசிமணி அளவு கூட வராது. அப்புறம் மீனைத் தெளிந்த தண்ணீரில் விட்டால் சற்று நேரத்தில் நீந்தத் தொடங்கிவிடும். மீனைக் கொல்லாமலே அதன் உடல்நிலையை அறியலாம் என்பதால் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அந்த நுனியில் அளப்பது சோடியம்–பொற்றாசியம் ஏடிபிஏஸ் என்ற நொதியத்தின் வேகம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மீனின் இரத்தத்திலோ அதில் மூன்றிலொரு பங்கு அளவுதான். கடலில் வாழ வேண்டுமானால் உள்ளே வரும் உப்பைச் செவுள் ஓயாமல் வெளியே தள்ள வேண்டும். அதற்கு விசை கொடுப்பது இந்த நொதியம். ஆற்றிலே வளரும் சால்மன் குஞ்சுக்கு இது அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் வசந்தத்தில் பகல் நீள நீள, கடலைக் காணும் முன்பே, செவுளில் அது ஏறத் தொடங்குகிறது. பக்கவாட்டுப் பட்டைகள் மறைந்து உடம்பு வெள்ளியாகிறது. பண்ணைகளில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து இந்த மாற்றத்தை வரவழைக்கிறார்கள். பிறகு சில மீன்களை 24 மணி நேரம் முழுக் கடல்நீரில் விட்டு, இரத்தத்தில் உப்பின் ஒரு கூறான குளோரைட் எவ்வளவு என்று பார்ப்பார்கள். லீற்றருக்கு 150 மில்லிமோலுக்குக் கீழே நின்றால் மீன் தயார். தயாராகும் முன் கடலில் விட்டால் வளர்ச்சி நின்றுவிடும், நோய் பிடிக்கும். விடாமல் நன்னீரிலேயே வைத்திருந்தால், வந்த திறனும் போய்விடும்.

கொடுவா போகும் திசை நேர்மாறு. கடலில் முட்டையிடும், குஞ்சுகள் களப்புக்குள் வந்து வளரும். எங்கள் களப்போ ஆழமில்லாதது. கோடை வறட்சியில் கடலைவிடவும் உப்பேறும், மாரி பிடித்தால் சட்டென்று இறங்கும். ஒரு பெருமழைக்கு மறுநாள் கூடு வைத்திருக்கும் அண்ணை ஒருவர் கூப்பிட்டார்: "சேர், விடியப் பாத்தா குஞ்செல்லாம் மேலை வந்து வாயைத் திறக்குது. ஏதும் மருந்து கிடக்கோ?" போய் மேல் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் அளந்தோம். மேலே கிட்டத்தட்ட நல்ல தண்ணீர், கீழே உப்பு. இப்படி அடுக்காக நின்றால் மேலுள்ள ஒட்சிசன் அடிக்கு இறங்காது. ஒரு குஞ்சின் செவுளைத் திறந்தேன். வெளிறி, சளி படிந்திருந்தது. "அண்ணை, மருந்து வேண்டாம். தீனியை நிப்பாட்டுங்கோ. காத்து அடிக்கிற மோட்டரைப் போடுங்கோ" என்றேன்.

மருந்து கேட்பவர்களிடம் நோர்வேயின் கதையை நான் விடாமல் சொல்வேன். 1987இல் அங்கே வளர்ப்பு மீன்களுக்குப் போன நுண்ணுயிர்க்கொல்லி ஏறக்குறைய 50 தொன். தடுப்பூசிகள் வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு பெருகியும், அது ஒரு தொன்னுக்கும் கீழே வந்தது. மீன் நோயில் விழுமுன் பார்த்துக்கொண்டதன் பலன் அது.

ஆனால் சால்மனின் எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் ஈடுகொடுக்கும் மீன் கொடுவா. அதற்கு வசந்த காலக் கெடு என்று ஒன்றும் இல்லை. உப்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதில்தான் அதன் சிக்கல். அதனால் மாணவர்களோடு சேர்ந்து வறட்சியிலும், முதல் மழையிலும், மாரி நடுவிலும் ஒரே கூடுகளில் செவுள் நுனி எடுத்து, கடனீரேரியின் உப்பளவோடு சேர்த்துப் பதியத் திட்டமிட்டிருக்கிறோம். குஞ்சு வாங்கப் பணம் கட்டுமுன் எங்கள் சம்மாட்டிமார் பார்க்கக்கூடிய ஓர் அட்டவணை அதிலிருந்து வர வேண்டும். எந்த மாதத்தில் விடலாம், எத்தனை நாளில் உப்பைப் பழக்கலாம் என்பது அதில் இருக்க வேண்டும்.