லியோபோல்ட் யெஸ்னர்: பெர்லினுக்கு முந்தைய ஆண்டுகளைத் தேடி எடுத்த விதம்

ஜெர்மன் நாடக இயக்குநர் யெஸ்னர் என்றால் எல்லோரும் படிக்கட்டில்தான் தொடங்குவார்கள். 1919 டிசம்பர் 12, பெர்லின் அரசு நாடக அரங்கு, ஷில்லரின் 'வில்ஹெல்ம் டெல்', எமில் பிர்ஹான் அமைத்த படிக்கட்டு மேடை, டெல்லாக ஆல்பர்ட் பாசர்மான், கெஸ்லராக ஃப்ரிட்ஸ் கோர்ட்னர். இதெல்லாம் எந்த நாடக வரலாற்று நூலிலும் கிடைத்துவிடும். நம்மை அலையவைப்பது அதற்கு முந்தைய காலம். 1878 மார்ச் 3 அன்று கோனிக்ஸ்பர்க்கில் (இன்றைய கலினின்கிராட்) பிறந்த யூதர், நடிகராகத் தொடங்கி, 1904 முதல் ஹாம்புர்க் தாலியா அரங்கில் இயக்குநர், 1915 முதல் 1919 வரை சொந்த ஊரில் 'நோயஸ் ஷௌஸ்பீல்ஹவுஸ்' என்ற அரங்கின் தலைவர். பெர்லினுக்குப் போகும்போது அவருக்கு வயது 41. கை பழகியது முழுக்க பெர்லினுக்கு வெளியே உள்ள அரங்குகளில்தான்.

முதலில் எடுக்க வேண்டியது ஜெர்மன் மேடைக் கலைஞர் சங்கத்தின் ஆண்டுமலர். 1890 முதல் 1914 வரை 'நோயர் தியேட்டர் அல்மனாக்', 1915 முதல் 'டாய்ச்சஸ் ப்யூனன் யார்பூக்'. இந்தப் பெயர் மாற்றம் தெரியாமல் ஒன்றை மட்டும் தேடினால் பாதி வாழ்க்கை போய்விடும். ஊர்வாரியாக ஒவ்வோர் அரங்கிலும் யார் தலைவர், யார் இயக்குநர், யார் நடிகர், பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர் யார் என்பதுவரை இருக்கும். ஒரே ஆள் இயக்குநர் வரிசையிலும் நடிகர் வரிசையிலும் வருவார். இரண்டு பேர் என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கே மூன்று இடத்தில் வழுக்கும்.

ஒன்று, எழுத்து. பழைய மலர்கள் ஃப்ராக்டுர் என்ற உடைந்த வடிவ எழுத்தில் அச்சானவை. அதில் பெரிய 'ஐ'யும் பெரிய 'ஜே'யும் ஒரே உருவம்; நீண்ட 'எஸ்' பார்க்க 'எஃப்' மாதிரி. யெஸ்னர் (Jessner) பெயரில் இந்த இரண்டு வில்லங்கமும் உண்டு. போதாக்குறைக்கு நடுவிலுள்ள இரட்டை 'எஸ்' சில இடத்தில் ஒற்றைக் கூட்டெழுத்தாக வரும். கணினி எழுத்துணரி படித்த பிரதியில் சரியான எழுத்தில் தேடினால் ஒன்றுமே வராது. குறைந்தது நான்கு விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அதைவிட, மலரின் பின்பக்கத்துப் பெயர்ப்பட்டியலைப் பிடித்துப் பக்கத்தைக் கண்ணால் படிப்பதே விரைவு.

இரண்டு, ஆண்டு. நாடகப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடியும். அட்டையில் உள்ள ஆண்டை அப்படியே பணியேற்ற ஆண்டாக எழுதினால் ஓராண்டு தள்ளிப்போகும். பல வாழ்க்கைக் குறிப்புகளில் தேதிகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. உள்ளூர்ச் செய்தித்தாளில் முதல் காட்சியின் தேதியைப் பார்த்த பிறகே ஆண்டை உறுதி செய்யலாம்.

மூன்று, ஊர். 'கோனிக்ஸ்பர்க்' என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு; பிரஷ்ய ஊருக்கு 'i. Pr.' ('பிரஷ்யாவில்' என்பதன் சுருக்கம்) என்ற பின்னொட்டு இருக்கும். கட்டடமும் குழப்பும். அவர் நடத்திய அரங்கின் நிறுவனம் 1927இல் லூயிசன் தியேட்டர் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்று கலினின்கிராட் வட்டார நாடக அரங்கு இருப்பது அந்தக் கட்டடத்தில்தான். அதன் படத்தைப் போட்டு 'யெஸ்னரின் அரங்கு' என்று எழுதினால் தவறு. அவர் கிளம்பி எட்டு ஆண்டு கழித்துத்தான் அரங்கு அங்கே போனது.

ஹாம்புர்க் ஆண்டுகளில் தாலியாவோடு நின்றுவிடாதீர்கள். தொழிற்சங்க மாளிகையில் தொழிலாளர்களுக்காக நடந்த மக்கள் நாடகங்களையும் அவர் நடத்தினார். அந்தச் செய்திகள் நாடக ஏடுகளைவிடச் சமூக ஜனநாயகக் கட்சிப் பத்திரிகைகளில்தான் அகப்படும். குடியரசுவாதி, சோஷலிஸ்ட், யூதர் என்று வலதுசாரிகள் பெர்லினில் அவரைக் குறிவைத்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. 1930 தொடக்கத்தில் பெர்லின் அரசு நாடக அரங்கின் தலைமைப் பொறுப்பை விட்டார்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933க்குப் பின் ஆண்டுமலர் கைகொடுக்காது. யூதக் கலைஞர்களின் பெயர் அதிலிருந்து உதிர்ந்துபோகிறது. பெயர் இல்லை என்பதைச் சாவு என்றோ ஓய்வு என்றோ படித்துவிடக் கூடாது. இனி ஹீப்ரு ஏடுகளுக்குத் தாவ வேண்டும்: 1936இல் டெல் அவீவில் ஹபிமா என்ற ஹீப்ரு நாடகக் குழுவுக்காக 'வெனிஸ் வணிகன்', 'வில்ஹெல்ம் டெல்' இரண்டையும் இயக்கினார். 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வட்டிக்குக் கொடுக்கும் யூதனான ஷைலக்கை மேடையேற்றலாமா என்று அங்கே பொது விசாரணை மாதிரி ஒரு விவாதமே நடந்தது. ஹீப்ரு ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறக்கும் என்பதால் 5696 என்று கண்டால் 1935, 1936 இரண்டிலும் தேட வேண்டும்.

பிறகு லாஸ் ஏஞ்சலிஸ். 1939இல் அகதி நடிகர்களை வைத்து ஆங்கிலத்தில் அதே 'டெல்', எடுபடவில்லை. 1945 டிசம்பரில் அங்கேயே இறந்தார். இந்தக் கடைசி ஆண்டுகளுக்கு என் கால அட்டவணையில் நான்கு வரிதான் தேறியது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.